பதிலியோனே ஏழு

ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய பிறகு நமக்கெல்லாம் மிஞ்சியிருக்கும் உத்தியோகம் ஒன்றுதான்: பிள்ளைகள் கைபேசியில் அனுப்பும் படங்களைப் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்று எழுதுவது. என் மகள் வேலை விஷயமாக ஒசாக்காவுக்குப் போனாள். போன இடத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. ஒரு கிழமைக்கு எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

முதலில் ஒரு மர வளையம் வந்தது. அது வளையம் என்று உடனே விளங்கவில்லை, அவ்வளவு பெரிது. மரத்தூண்களும் குறுக்கு உத்தரங்களுமாக வளைந்துகொண்டே போய்க் கண்ணுக்கு எட்டாமல் மறைந்தது. வளையத்துக்குள் நாடுகள். சுவிட்சர்லாந்து சவர்க்காரக் குமிழிகளை ஊதிவிட்டு அவற்றுக்குள்ளேயே குடிபுகுந்திருந்தது. ஒல்லாந்து தன் கட்டடத்தின் நடுவில் ஒரு சூரியனைத் தூக்கி வைத்திருந்தது. நம்முடைய இத்தாலி தன் வழக்கப்படி ஒரு பழைய பளிங்குச் சிலையைக் கொண்டுபோய் நிறுத்தி, அதைப் பார்க்க வந்தவர்களை மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வைத்திருந்தது. வரிசையைக்கூட ஏற்றுமதி செய்யத் தெரிந்த நாடு இது ஒன்றுதான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் உத்தியோக காலம் முழுவதும் பிறருடைய பெர்மெசோ என்ற வதிவிட அனுமதிக்கும் பென்ஷனுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நான். இந்த நகரத்தில் எந்தக் கட்டடத்துக்கு எந்த வாசல், அந்த வாசலில் எந்த ஆள், அந்த ஆளுக்கு எந்தக் கிழமை நல்ல கிழமை என்று எனக்குத் தெரியும். வரிசைகளைப் பற்றிப் பேசும் உரிமையை உழைத்துச் சம்பாதித்திருக்கிறேன்.

“அம்மா, இவ்வளவு வடிவாக் கட்டிப்போட்டு ஆறு மாதத்திலை கழட்டிப்போடுவினமாம். பாவம் என்ன?” என்று மகள் குரல் அனுப்பியிருந்தாள்.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள்; போர்கோ வெக்கியோத் தெருக்களின் அந்தப் பழைய நாட்களை அறிந்தவர்கள். நாட்டு மண்டபங்களை நானும் பார்த்திருக்கிறேன், சிறுபிள்ளையாக, இதே பலெர்மோவில்.

அப்போது நாங்கள் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போர்கோவில் ஒரு பாருக்கு மேலே ஓர் அறை. காலையில் கீழேயிருந்து கோப்பி வாசமும், சந்தையில் பெரிய அண்டாக்களில் அவியும் கணவாய் வாசமும் சேர்ந்து ஏறி வரும். மத்தியானம் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் தம்ளர்கள் நடுங்கும். யன்னலோரத்து ஆணியில் அம்மாவின் நீத்துப்பெட்டி தொங்கியது. புட்டு அவிக்கப் பனை ஓலையில் கூம்பாக இழைத்தது. மன்னாரிலிருந்து துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. பார்க்காரி ஒருநாள் மேலே வந்தவள் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்து, கார்னிவாலுக்கா என்று கேட்டாள். பிறகு எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று எனக்கு நினைவில்லை. தொலைந்த பொருட்களுக்கு முறைப்பாடு எழுதும் வழி எனக்குத் தெரியும். நீத்துப்பெட்டி என்பதை அதில் எந்த மொழியில் எழுதுவது என்பதுதான் தெரியாது.

அந்தப் பார்க்காரி எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் எந்த ஊர்? அப்பா விடமாட்டார். சிந்திய கோப்பியில் விரலைத் தொட்டு மேசையில் இலங்கையை வரைந்து, பக்கத்தில் மன்னார்த் தீவை வரைந்து, இரண்டையும் பாலத்தால் இணைத்துவிட்டுத்தான் ஓய்வார். அவள் ஒவ்வொரு முறையும் துணியால் அதைத் துடைப்பாள். அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டால் அம்மா கூரையைக் காட்டி, “போர்கோ” என்பாள். அவ்வளவுதான்.

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில்தான் எங்கள் வீட்டில் சண்டை நடந்தது.

அப்பா ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே மொந்தெல்லோ கடற்கரையில் ஒரு பணக்கார சிஞ்ஞோரேயின் மாளிகையில் தோட்டக்காரர். கிழமை நாட்களில் அங்கேயே தங்கல், சனிக்கிழமை வீடு. ஒரு திங்கட்கிழமை விடிய, புறப்படும்போது சொன்னார்:

“இஞ்சை கேள். இந்த வெயில் முடிய நாங்கள் ஊருக்குப் போறம். ஆற்றையோ பூமரத்துக்குத் தண்ணி ஊத்தவே நான் படிச்சுப் படிப்பிச்சனான்?”

“நீங்கள் போங்கோ” என்றாள் அம்மா. “நானும் பிள்ளையும் நிக்கிறம்.”

“அப்ப நான் ஆர் உங்களுக்கு?”

அம்மா தேத்தண்ணியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வயிற்றை ஒரு கையால் பொத்திக்கொண்டு படியிறங்கினார். கோபத்தில் வயிறு பற்றுகிறது என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் பாருக்குத் தொலைபேசி வந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மாமா கீழே நின்றார். அம்மாவின் தம்பி, எங்களுக்கு மூன்று வருடம் முன்னமே வந்தவர். மாதா கோயிலில் நம்மவர்கள் அத்தனை பேருக்கும் மொழிபெயர்ப்பாளர் அவர்தான். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் அதிகாரி ஒரு நிமிடம் பேசினால் மாமா அதைத் தமிழில் ஐந்து நிமிடம் பேசுவார். அந்த மேலதிக நான்கு நிமிடங்களில் நம்மவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிற்காலத்தில் என் தொழிலில் அந்த நான்கு நிமிடத்தைத்தான் நானும் கொடுத்தேன்.

கோப்பி இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. மாமா ஒரு காதை விரலால் அடைத்து, மறு காதில் குழலை அழுத்தி, “சி, சி... பதிலியோனே செத்தே... லெத்தோ... கபீத்தோ, கபீத்தோ” என்று விளங்கியதாகத் தலையாட்டினார். எனக்கு அப்போது தெரிந்த இத்தாலியன், வகுப்பில் ஏச்சு வாங்கவும் கொடுக்கவும் மட்டுமே போதுமானது.

அம்மா வந்ததும் மாமா படியிலேயே மறித்தார்.

“அக்கா, அத்தானுக்கு யோகமெண்டால் யோகம்! கண்காட்சியிலை வேலை!”

சாந்தா ரோசாலியா மலையடிவாரத்தில் ஆண்டுதோறும் ஒரு பெரிய கண்காட்சி நடக்கும். பல நாடுகள் தத்தம் மண்டபங்களைப் போட்டுச் சாமான்களைக் காட்டும். நகரம் முழுக்க அதன் சுவரொட்டிதான். ‘பதிலியோனே’ என்ற சொல் ஒவ்வொரு சுவரொட்டியிலும் இருந்தது. மண்டபம். மாமாவுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும்.

“ஏழாம் பவிலியனாம். அந்த சிஞ்ஞோரேதான் ரெலிபோன் எடுத்தவர். படுக்கை குடுத்திட்டினமாம். சாப்பாடும் அவையள்தான். வெள்ளை உடுப்புப் போட்ட ரெண்டு பேர் வாகனத்தோடை வந்து கூட்டிக்கொண்டு போனவையாம். அவ்வளவு மரியாதை!”

“எப்ப வருவாராம்?”

“கொஞ்ச நாளைக்கு வெளியிலை விடமாட்டினமாம்.”

“ஏன் விடமாட்டினம்?”

மாமா ஒரு கணம்தான் யோசித்தார். “வெளிநாட்டுச் சாமான் அக்கா. பாதுகாப்பு.”

இன்று இதை எழுதும்போது, பதிலியோனே என்ற அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் முதல் பாதியிலேயே ‘பதில்’ நிற்கிறது என்பதைக் காண்கிறேன். பதில் கையில் இருந்தது. யாரும் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா கோயில் வாசலில் விஷயத்தைச் சொன்னாள். முதலில் ‘அவருக்குக் கண்காட்சியிலை வேலை’ என்றாள். இரண்டாவது பெண்ணிடம் ‘ஒரு மண்டபத்தைப் பார்க்கிறார்’ என்றாள். மூன்றாவது பெண்ணிடம் போகும்போது அப்பாவின் கையில் மண்டபத்தின் சாவியே இருந்தது. நான் அவள் பக்கத்தில் புதுச் சட்டையோடு நின்று சாவியை மனதில் பார்த்தேன்: பித்தளை, பெரிது.

ஆனால் முந்திய நாள் சனிக்கிழமை அப்பா வந்திருக்கவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. தொலைபேசியும் இல்லை. அன்றிரவு அம்மா மாமாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “வேலை சாட்டுத்தான்ரா. நான் நிக்கிறன் எண்டு சொன்னனெல்லே. அவர் என்னை விட்டிட்டார்.”

“விசர்க்கதை கதையாதை அக்கா.”

“அப்ப ஏன் ஒரு சொல்லு அனுப்பேல்லை?”



மறுநாள் காலை அம்மா நீத்துப்பெட்டியை ஆணியிலிருந்து இறக்கினாள். புட்டு அவித்தாள். சந்தையில் வாங்கிய கும்பளா மீனில் குழம்பு வைத்தாள். இரண்டையும் அலுமினியக் கரியரில் அடைத்தாள். “வெளிக்கிடு, அப்பாட்டைப் போவம்” என்றாள். மாமா தன்னுடைய ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

நான் அதுவரை ஒரு வெளிநாடுதான் பார்த்திருந்தேன். அதிலும் பெரும்பகுதி படிக்கட்டு. அன்று வாசலைத் தாண்டியதும் நாடுகள் வரிசையாக நின்றன. எகிப்து கொழுத்த தூண்களைத் தாமரை மொட்டுகள் போல மேலே விரித்து, நீலமும் செம்மண்ணும் பூசி நின்றது. ஹங்கேரி முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஓர் உழவு இயந்திரம் கம்பியில் அந்தரத்தில் தொங்கியது, அதன் சில்லுகள் மெல்லச் சுழன்றன. யுகோஸ்லாவியா காகிதத்தை மடித்ததுபோல மரத்தால் ஒரு கூரை போட்டிருந்தது. மடிப்புகளின் இடுக்கால் வெயில் கோடு கோடாக விழுந்தது. அந்தக் கோடுகளை மிதிக்காமல் நடந்தேன். ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவதை எல்லாம் ஒரு கூரையால் சொல்லிவிட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாமாவும் அம்மாவும் இலக்கம் தேடிக்கொண்டிருக்க, நான் எகிப்தின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தூண்கள் பாதிதான். சாந்து பூசிய சாக்குத் துணி, பின்னால் முட்டுக் கொடுத்த கம்புகள், ஒரு வாளி, ஒருவருடைய செருப்பு. ஏமாற்றம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சாக்கிலும் கம்பிலும் இவ்வளவு கம்பீரம் எழுப்பியவர்கள்மேல் மதிப்புக் கூடிவிட்டது. இன்றுவரை அது குறையவில்லை.

“எங்கடை நாட்டு மண்டபம் எதம்மா?” என்று கேட்டேன்.

“பேசாமல் வா.”

ஏழாம் மண்டபம் துனிசியாவுடையது. வெள்ளைக் குவிமாடம், நீலக் கதவு, கதவு முழுக்கக் கறுப்பு ஆணித் தலைகளால் கோலம். யன்னல்களில் மர வலைப்பின்னல்; உள்ளிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் தெரியும், வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. அம்மா அந்த வலைக்கு அருகே முகத்தை வைத்து அப்பாவைத் தேடினாள்.

உள்ளே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வருகிறவர்களுக்கெல்லாம் தட்டிலிருந்து ஒவ்வொரு பேரீச்சம்பழம் கொடுத்தார். மாமா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் ஆளைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றார். பெரியவருக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. மாமா விடவில்லை. பதிலியோனே ஏழு, படுக்கை, சாப்பாடு, வெள்ளை உடுப்பு, வெளியே விடமாட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். ஒவ்வொரு விரலுக்கும் பெரியவரின் முகம் மாறியது. கடைசி விரலில் அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“ஓஸ்பெதாலே” என்றார் மெதுவாக. “ஓஸ்பெதாலே, சிஞ்ஞோரா.”

அந்தச் சொல் எங்கள் மூவருக்கும் தெரியும். ஆசுப்பத்திரி. இந்த ஊரில் பழைய ஆசுப்பத்திரிகள் தனித்தனிக் கட்டடங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பெயர் பதிலியோனே.

அம்மா கரியரை இறுக்கிப் பிடித்தாள். “உயிரோடை இருக்கிறாரோ எண்டு கேள்” என்றாள் மாமாவிடம். ஊருக்கெல்லாம் வாயாக இருந்த மாமாவுக்கு வாய் வரவில்லை.  நான்தான் கேட்டேன், ஒரே சொல்லில்: “வீவோ?”

“வீவோ, வீவோ” என்றார் பெரியவர். அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னார். எந்த பஸ், எங்கே இறங்குவது என்பதையும் சொன்னார். என் கை நிறையப் பேரீச்சம்பழம் திணித்தார்.

பஸ்ஸில் மாமா தலை நிமிரவே இல்லை. அம்மா அவரை ஏசவும் இல்லை.

ஆசுப்பத்திரி வாசலைத் தாண்டியதும் என் கண்ணை என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. ஈச்ச மரங்களும் ஆரஞ்சுத் தோடை மரங்களும் நிற்கும் தோட்டம், அதற்குள் மண்டபங்கள். இரு பக்கமும் வளைவு யன்னல்கள். கூரைக்குக் கீழே சுற்றிவர மஞ்சளும் பச்சையுமாக எலுமிச்சைக் கொத்துகள் வரைந்த ஓடுகள். இரும்புக் கைப்பிடிகள் கொடியாகி, நுனியில் மொட்டாகி நின்றன. நோயாளிகள் சாக முதல் ஒரு தடவை அழகானதைப் பார்க்கட்டும் என்று நினைத்தார்களோ, பார்த்தால் சாகமாட்டார்கள் என்று நினைத்தார்களோ. ஏழாம் இலக்கத்தின் பக்கவாட்டில் ஓடிப்போய்ப் பின்னால் பார்த்தேன். முட்டுக் கம்பு இல்லை. பின்பக்கத்திலும் அதே எலுமிச்சைகள் இருந்தன.

உள்ளே உயரமான நீண்ட கூடம், இரு வரிசை இரும்புக் கட்டில்கள். யன்னலோரத்தில் அப்பா. தாடி வளர்ந்து, பாதியாகிப்போன அப்பா. குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து கழுவித் தைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்குச் சொல்லியாயிற்று என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள், அது உண்மையும்கூட. ஆகவே நாங்கள் தெரிந்தும் வரவில்லை என்று நினைத்துத்தான் அவர் கிடந்திருக்கிறார்.

அவர் எழும்ப முயலவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இவ்வளவு நாளும் எங்கை போனனீங்கள்?”

அம்மா கரியரைக் கட்டில் மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“துனிசியாவுக்கு” என்றாள்.

மாமா அழுதழுது கதையைச் சொன்னார். கண்காட்சி, யோகம், வெள்ளை உடுப்பு. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுக்க, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்கப் பண்ணாதையடா, செத்துப்போவன்” என்று கெஞ்சினார். அடுத்த கட்டிலில் கிடந்தவர் திராப்பானிப் பக்கத்து மீனவர். ஒரு காதைச் சுற்றிப் பெரிய கட்டு. அப்பா அவரைக் காட்டினார்.

“மச்சான், கிட்ட வா. உந்தச் சொல்லுக்கு இன்னுமொரு கருத்து இருக்கு. இந்த மனுசனுக்கு மருந்து கட்ட வரேக்கை டொக்டர் தினமும் சொல்லுறவர், நான் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி வைச்சிருக்கிறன்.” மாமா குனிந்ததும் அவருடைய காது மடலைப் பிடித்து முறுக்கினார். “இதுவும் பதிலியோனேதான். முதலிலை இதைத் திறந்து வை.”

மாமா அழுகையும் சிரிப்புமாக, “இழுங்கோ அத்தான், நல்லா இழுங்கோ” என்றார்.

அம்மா கரியரைத் திறந்தாள். ஆவி அடங்கியிருந்தது, தேங்காய்ப்பூவும் மீன்குழம்பும் கூடம் முழுக்க மணத்தன. அப்பாவுக்குக் கஞ்சிக்கு மேல் எதுவும் ஆகாது என்று கூடத்துத் தாதியான கன்னியாஸ்திரி விரலை ஆட்டினார். மீனவர் ஒரு முழங்கையில் எழும்பி எட்டிப் பார்த்து, “கூஸ்குசு!” என்று கத்தினார். அவருடைய ஊரிலும் மாவை உருட்டி, ஆவியில் அவித்து, மீன் சாறு ஊற்றித் தின்பார்களாம். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் பசியோடு பார்ப்பது தெரியும். மூடியில் கொஞ்சம் புட்டும் குழம்பும் வைத்து நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

பிறகு நடந்ததை உங்களால் ஊகிக்க முடியும். பிஜாமாக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஊன்றுகோலுடன் ஒருவர், கையில் கட்டுடன் ஒருவர். கட்டிலின் கால்மாட்டில் வரிசை உண்டாகிவிட்டது, இந்த நாட்டில் யாரும் சொல்லாமலே உண்டாகும் வரிசை. அம்மா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று, துனிசியாப் பெரியவரைப்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, “புட்டு. பு-ட்-டு” என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பேரீச்சம்பழமும் கொடுத்தேன். கன்னியாஸ்திரி யன்னல் பக்கம் திரும்பி தோடை மரங்களை ஆராய்ந்தார். எங்கள் நாட்டு மண்டபம் அது. ஒரு கட்டில் அகலம். கரியர் ஒழியும்வரை ஆயுள். அதைக் கழற்றிவிட்டார்களே என்று நான் ஒருநாளும் துக்கப்பட்டதில்லை, மகளே.

வரிசை கலைந்த பிறகு மீனவர் விரல்களை நக்கிக்கொண்டு அப்பாவைக் கேட்டார். நீங்கள் எந்த ஊர்?

நான் மேசையில் கோப்பி ஏதும் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, கரியரில் கொஞ்சம் மீன்குழம்பு மிச்சம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். அப்பா கையை நீட்டவில்லை. கரியரை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். 

“போர்கோ” என்றார். “போர்கோ வெக்கியோ.”

அம்மா நிமிரவில்லை. கரியரின் மூடியைப் போட்டாள். அது சரியாகப் பொருந்தவில்லை. எடுத்துத் திருப்பிப் போட்டாள். மறுபடியும் எடுத்தாள். வருகை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அந்த மூடியை அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.